காரின் பக்கவாட்டில் வினைல் கோடு: நம் வெயிலுக்கும் புழுதிக்கும் ஏற்ற செய்முறை

வினைல் ஸ்டிக்கர் கோடு ஒன்றை ஒட்டும் வேலை 20 நிமிடம்தான். கழுவித் துடைத்து அளவு குறிக்க ஒன்றரை மணி நேரம் ஆகும். அந்த ஒன்றரை மணி நேரத்தைக் குறைத்தால்தான் கோடு கோணும், மாதம் திரும்பும் முன் ஓரம் கிளம்பும்.

முதல் தடவை செய்கிறவர்கள் கதவுகளின் கீழ்ப்பகுதியில், முன் சக்கர வளைவிலிருந்து பின் சக்கர வளைவு வரை 3 அங்குல அகலக் கோடு ஒன்று ஒட்டிப் பழகுங்கள். பேனட் கோடு அடுத்த முறைக்கு இருக்கட்டும். பேனட் இரண்டு திசையிலும் வளையும், ஸ்டிக்கரை இழுத்துப் பிடிக்க வேண்டிவரும்.

வாங்க வேண்டியவை

ரேடியம் ஸ்டிக்கர் கடையில் ரோலாக வினைல் கிடைக்கும். 'காஸ்ட்' வகையா, 'கேலண்டர்டு' வகையா என்று கேட்டு வாங்குங்கள். கேலண்டர்டு என்பது உருளைகளுக்கு நடுவே நசுக்கி எடுத்த தாள். சூடு பட்டால் பழைய அளவுக்கே சுருங்கப் பார்க்கும், ஓரத்தில் பசைக்கோடு தெரியும். காஸ்ட் தாள் திரவமாக ஊற்றிக் காயவைத்தது. ஏறத்தாழ 50 மைக்ரான் கனம்தான், ஆனால் அவ்வளவாகச் சுருங்காது. சித்திரை வெயிலில் நாள் முழுக்க நிற்கிற காருக்குக் காஸ்ட்டே சரி, விலை கூடுதல் என்றாலும். பசைப்பக்கம் காற்று வெளியேறும் நுண்கோடுகள் உள்ள தாளாக இருந்தால் இன்னும் நல்லது.

சாதாரண ஹேட்ச்பேக் காருக்கு ஒரு பக்கம் ஒன்றே முக்கால் மீட்டர் நீளம் வரும். ரோலில் 2 மீட்டர் வாங்கி, நீளவாக்கில் 3 அங்குலப் பட்டைகளாக நான்கு வெட்டித் தரச் சொல்லுங்கள். இரண்டு ஒட்ட, இரண்டு கைவசம். மெட்டாலிக் நிறம் என்றால் எல்லாப் பட்டையும் ரோலின் ஒரே திசையில் ஒட்ட வேண்டும். ஒன்றைத் தலைகீழாகத் திருப்பினால் வெயிலில் நிறம் வேறு மாதிரி தெரியும்.

மற்றவை: துணி ஓரம் வைத்த ஸ்க்வீஜி (ஸ்டிக்கரை அழுத்தித் தேய்க்கும் தட்டை), மாஸ்கிங் டேப், புது பிளேடு போட்ட கட்டர், இஞ்சி டேப், நூல் உதிராத துணி நான்கு, ஐசோபுரோப்பைல் ஆல்கஹால், ஹேர் டிரையர். வீட்டில் மிச்சமிருக்கும் சானிட்டைசரால் துடைக்க வேண்டாம். அதில் பெரும்பாலும் கிளிசரின் இருக்கும், அது பெயிண்டில் படலமாக நின்றுவிடும்.

நேரமும் இடமும்

வேலையைக் காலை 9 மணிக்குள், ஷெட்டிலோ போர்ட்டிகோவிலோ வைத்துக்கொள்ளுங்கள். கதவுத் தகட்டில் உள்ளங்கையை வைத்தால் இதமாக இருக்க வேண்டும். தகடு சுட்டால் பசை தொட்டவுடன் பிடித்துக்கொள்ளும், எடுத்துச் சரிசெய்ய முடியாது. வினைலும் இளகி நீளும். ஆடிக் காற்றில் பணகுடி, வள்ளியூர், ராதாபுரம் பக்கம் திறந்த வெளியில் இந்த வேலையே வேண்டாம். திசையன்விளைத் தேரிப் (செம்மணல் மேடு) புழுதியில் ஒரு மணல் அடியில் சிக்கினாலும் பரு மாதிரி மேலே தெரியும். தென்காசி, செங்கோட்டையில் சாரல் காலத்தில் ஈரம் ஓரத்துக்குள் போகாத மூடிய ஷெட் வேண்டும்.

சுத்தம்

ஷாம்பூ போட்டுக் கழுவி, கதவு இடுக்கில் நிற்கும் தண்ணீரையும் கதவைத் திறந்து துடையுங்கள். உப்பான போர்வெல் தண்ணீர் காய்ந்தால் வெள்ளைப் படிவு நிற்கும். கடைசி அலசலுக்கு ஆற்றுக் குழாய்த் தண்ணீரே நல்லது. சர்வீஸ் முடிந்து வந்த கார் என்றால் வாக்ஸ் அல்லது சிலிக்கான் பாலிஷ் பூசியிருப்பார்கள். ஓரம் கிளம்புவதற்கு அதுதான் பெரிய காரணம். ஒரு துணியில் ஆல்கஹால் நனைத்துத் துடைத்து, அது தானாக ஆறும் முன் இன்னொரு உலர்ந்த துணியால் எடுத்துவிடுங்கள். ஆறவிட்டால் கரைந்த எண்ணெய் அதே இடத்தில் திரும்பப் படியும். இரண்டு முறை செய்யுங்கள். பிறகு அந்த இடத்தைக் கையால் தொடாதீர்கள்.

டிங்கரிங் முடித்துப் புதிதாகப் பெயிண்ட் அடித்த கதவு என்றால் ஒரு மாதமாவது பொறுக்க வேண்டும். பெயிண்டிலிருந்து கிளம்பும் ஆவி வினைலைக் கொப்புளமாகத் தூக்கும்.

அளவு குறித்தல்

தரையிலிருந்து அளக்காதீர்கள், தரை மட்டமாக இருக்காது. கதவின் நடுவே ஓடும் மடிப்புக் கோட்டிலிருந்து கீழ்நோக்கி, ஒவ்வொரு கதவிலும் இரண்டு இடத்தில் அளந்து, கோட்டின் மேல் விளிம்பு வரும் இடத்தில் மாஸ்கிங் டேப்பை நீளமாக ஒட்டுங்கள். பத்துப் பன்னிரண்டு அடி தள்ளி, குந்தி உட்கார்ந்து பாருங்கள். சில கார்களில் அந்த மடிப்பு பின்னால் போகப் போக மேலேறும். அப்போது அளவு சரியாக இருந்தும் கோடு சாய்ந்து தெரியும். அங்கே இஞ்சி டேப்பை விட்டுவிட்டுக் கண்ணை நம்புங்கள்.

ஒட்டுதல்

பட்டையைப் பின்தாளோடு கோட்டில் வைத்து, நடுவில் மாஸ்கிங் டேப்பைக் குறுக்காக ஒட்டி நிறுத்துங்கள். ஒரு பாதியை மடித்து, பின்தாளை அந்த டேப் வரை உரித்து, உரித்த பின்தாளை மட்டும் வெட்டி எடுங்கள். உதவிக்கு ஒருவர் நுனியைப் பிடிக்கட்டும். தொய்வு போகும் அளவுக்குப் பிடித்தால் போதும், இழுக்கக் கூடாது. இழுத்து ஒட்டியது பிறகு சுருங்கும்.

ஸ்க்வீஜியை 45 பாகை சாய்த்து, நடுவிலிருந்து நுனி நோக்கி, முந்தைய இழுப்பில் பாதி மேல் படும்படி தேயுங்கள். ஒரு இழுப்புக்கு நாலு விரல் தூரம் போதும். ஒட்டிய இடத்துக்கும் இன்னும் தூக்கி நிற்கும் இடத்துக்கும் நடுவே ஒரு வளைவு நகர்ந்துகொண்டே போகும். அந்த வளைவு நேராக இருக்கிறதா என்று மட்டும் பாருங்கள். சாய்ந்தால் சுருக்கம் விழப்போகிறது என்று அர்த்தம். உடனே நிறுத்தி, ஒரு சாண் பின்னால் வரை மெதுவாக உரித்து, திரும்ப ஒட்டுங்கள். மறுபாதிக்கும் இதே முறை, நடு டேப்பை எடுத்துவிட்டு.

நுண்கோடு இல்லாத தாள் என்றால் ஒரு லிட்டர் தண்ணீரில் 3, 4 சொட்டு பேபி ஷாம்பூ கலந்து தெளித்து ஒட்டலாம். நகர்த்திச் சரிசெய்ய அது இடம் தரும். சொட்டு கூடினால் பசை பிடிக்காது.

கதவு இடுக்குகளை முதலில் தாண்டி ஒட்டிவிட்டு, பிறகு இடுக்கின் நடுவே பிளேடு பெயிண்டில் படாமல் வெட்டுங்கள். இரண்டு பக்கமும் மிஞ்சும் வினைலை உள்ளே மடித்து அழுத்துங்கள். பெயிண்ட் கீறினால் தகடு துருவேறும், உவரி, கூட்டப்புளி போன்ற கடற்கரை ஊர்களில் இன்னும் சீக்கிரம்.

கடைசியாக ஓரங்களுக்கு ஹேர் டிரையர் சூடு காட்டி, துணி சுற்றிய விரலால் அழுத்துங்கள். சின்னக் கொப்புளங்கள் சில நாளில் வெயிலில் தானாகப் போகும். பெரியதை ஊசியால் ஓரத்தில் ஒரு குத்துக் குத்தி, காற்றை அந்தத் துளைப் பக்கம் தள்ளுங்கள். பிளேடால் கிழிக்காதீர்கள், அந்தக் கீறல் வெயிலில் வாய் பிளக்கும்.

2 நாள் கார் கழுவ வேண்டாம். அதன் பிறகும் வாட்டர் சர்வீஸில் பீய்ச்சும் முனையை ஓரத்திலிருந்து ஒரு அடியாவது தள்ளிப் பிடிக்கச் சொல்லுங்கள், நேராக அடித்தால் எந்தப் பசையும் தாங்காது. என்றாவது கோட்டை எடுக்க நினைத்தால் சூடு காட்டி, தாளைத் தன்மேலேயே மடக்கி மெதுவாக இழுத்தால் பெரும்பாலும் பசையோடு வந்துவிடும். மிச்சப் பசையை அதே ஆல்கஹாலில் நனைத்த துணி எடுத்துவிடும்.