ஆண்டவருக்காகத்தான் செய்கிறோமா? உள்நோக்கத்தைச் சோதிப்பது எப்படி

"நான் ஏன் இதைச் செய்கிறேன்?" என்று நம்மை நாமே கேட்டுக்கொண்டால் பெரும்பாலும் நல்ல பதில்தான் வரும். ஆண்டவருக்காக, சபைக்காக என்று மனசு தயாராக வைத்திருக்கும். மனுஷனுடைய வழிகளெல்லாம் அவன் பார்வைக்குச் சுத்தமானவைகள் என்று நீதிமொழிகள் 16:2 சொல்கிறதே, அதுதான். அதனால் கேள்வியை மாற்றிப் பாருங்கள்: எதிர்பார்த்தது கிடைக்காதபோது எனக்குள் என்ன நடந்தது?

முதலில் சங்கீதம் 139:23-24 ஐ வைத்து ஜெபியுங்கள். "தேவனே, என்னை ஆராய்ந்து, என் இருதயத்தை அறிந்துகொள்ளும்" என்று தாவீது அங்கே ஆராய்கிற வேலையை ஆண்டவரிடமே ஒப்படைக்கிறான். இந்த ஜெபத்தை விட்டுவிட்டுப் போனால் மிச்சமெல்லாம் வெறும் மன உளைச்சல்தான்.

அப்புறம், இந்த வாரம் நீங்கள் செய்த நல்ல காரியம் ஒன்றை எடுத்துக்கொள்ளுங்கள், ஒன்று போதும், முழு வாழ்க்கையையும் கிளற வேண்டாம். யாரும் நன்றி சொல்லாதபோது எப்படி இருந்தது? அதே வேலைக்கு இன்னொருவரைப் பாராட்டியபோது? நாம் செய்ததை யாரிடமாவது சொன்னோமா, சொல்வதற்காகவே பேச்சை அந்தப் பக்கம் திருப்பினோமா? ஒருவர் பாவத்தில் விழுந்ததை "ஜெபக்குறிப்பு" என்று நாலு பேரிடம் சொன்னோமே, அவருக்காக நாம் எவ்வளவு நேரம் ஜெபித்தோம்? (இந்தக் கடைசிக் கேள்விதான் பலருக்குக் கசக்கும்.)

லூக்கா 15 இல் இயேசு சொன்ன கெட்ட குமாரன் உவமையில் மூத்த மகனைக் கவனியுங்கள். வருஷக்கணக்கில் வயலில் வேலை செய்தவன், வெளியே பார்த்தால் ஒரு குறையும் இல்லை. சொத்தை அழித்த தம்பி திரும்பி வந்து, அவனுக்காகக் கொழுத்த கன்று அடிக்கப்பட்ட அன்றைக்குத்தான் உள்ளே இருந்த கணக்குப் புத்தகம் வெளியே வருகிறது: இத்தனை வருஷம் ஊழியம் செய்தேன், எனக்கு ஒரு ஆட்டுக்குட்டிகூடக் கொடுக்கவில்லையே! அந்த விருந்து நடக்காமல் இருந்திருந்தால் அவனுக்கே அது தெரிந்திருக்குமா என்பது சந்தேகம்தான். ஆகவே உங்களுக்கு எரிச்சல் வந்த இடங்களைக் குறித்து வையுங்கள், உள்நோக்கம் அங்கேதான் பிடிபடும்.

வைராக்கியம் என்று நாம் சொல்வதையும் விட்டுவிட வேண்டாம். சமாரியர் கிராமம் ஒன்று இயேசுவை ஏற்றுக்கொள்ளாதபோது யாக்கோபும் யோவானும் வானத்திலிருந்து அக்கினி இறங்கும்படி சொல்லட்டுமா என்று கேட்டார்கள், அதற்கு, முன்பு அப்படி அக்கினியை வரவழைத்த தீர்க்கதரிசி எலியாவை ஆதாரமாகவும் காட்டினார்கள். வேத ஆதாரம் கையில் இருந்தது, ஆனால் இயேசு அவர்களைத்தான் அதட்டினார். சத்தியத்துக்காக வாதாடும்போது, எதிராளி திருந்த வேண்டும் என்று இருக்கிறதா, தோற்க வேண்டும் என்று இருக்கிறதா என்று கேட்டுப் பாருங்கள். முடியாது என்று சொல்லப் பயந்து ஊழியப் பொறுப்புகளை ஏற்றுக்கொள்வதும் இந்த வகைதான், மனுஷரையா பிரியப்படுத்தப் பார்க்கிறேன் என்று அப்போஸ்தலன் பவுல் கேட்கிற கலாத்தியர் 1:10 ஐ ஒருமுறை படித்துவிடுங்கள்.

சரி, அழுக்கு தெரிந்துவிட்டது, என்ன செய்வது? வேலையை நிறுத்தாதீர்கள். முழுக்கச் சுத்தமான நோக்கம் வந்த பிறகுதான் கொடுப்பேன் என்றால் ஏழைக்கு எதுவுமே போய்ச் சேராது. மத்தேயு 6 இல் தர்மம், ஜெபம், உபவாசம் மூன்றையும் பற்றிப் பேசிய இயேசு, ஒன்றையும் விடச் சொல்லவில்லை, அந்தரங்கத்துக்கு மாற்றச் சொன்னார். ஆகவே யாருக்கும் தெரியாத நன்மை ஒன்றைச் செய்து, கடைசி வரைக்கும் சொல்லாமல் இருந்து பாருங்கள், வாய் எவ்வளவு துடிக்கும் என்று அப்போது தெரியும். அறிக்கை செய்யும்போதும் "பெருமையை மன்னியும்" என்று பொதுவாகச் சொல்லிவிட்டு நகராமல், "இன்னாரைப் புகழ்ந்தபோது எனக்கு எரிந்தது" என்று நடந்ததை நடந்தபடியே சொல்லுங்கள்.

அதற்குமேல் தோண்டிக்கொண்டே இருக்க வேண்டாம். தன்னிடத்தில் ஒரு குற்றமும் தெரியவில்லை, ஆனாலும் அதனால் தான் நீதிமானாகிவிடவில்லை, விசாரிக்கிறவர் கர்த்தர் என்று பவுல் 1 கொரிந்தியர் 4 இல் சொல்லிவிட்டு வேலையைப் பார்க்கப் போகிறார்.

இன்னொன்று, இந்தச் சோதனையை அடுத்தவர்மேல் நடத்தாதீர்கள். பவுல் காவலில் கட்டப்பட்டிருந்தபோது சிலர் பொறாமையினால் பிரசங்கித்தார்கள், அது அவருக்குத் தெரிந்தும் இருந்தது. ஆனாலும் எப்படியாவது கிறிஸ்து அறிவிக்கப்படுகிறாரே என்று சந்தோஷப்பட்டார் (பிலிப்பியர் 1:15-18). அதனால், விளம்பரத்துக்காகத்தான் செய்கிறார் என்று உங்களுக்குத் தோன்றுகிற ஒருவர் நல்ல காரியம் ஒன்றைச் செய்யும்போது, முடிந்தால் போய் ஒரு கை கொடுங்கள்.