கரடுமுரடான தளத்தில் மாணவர் பந்தயக் காரைச் சரிசெய்தல்
மாணவர்கள் தாங்களே கட்டிய கார்களை ஓட்டும் ஃபார்முலா எஸ்ஏஇ போட்டிகள் பல ஆண்டுகள் நடைபெற்ற நெப்ராஸ்காவின் லிங்கன் விமானத்தளம் போன்ற பழைய கான்கிரீட் தளங்களில், பாளங்களின் இணைப்பைக் கடக்கும்போது கார் துள்ளி, டயர் பிடிமானத்தை இழக்கிறது. முதலில் டேம்பரின் (சஸ்பென்ஷனின் துள்ளலைத் தணிக்கும் உருளையும் தண்டும்) தண்டில் ஒரு ஜிப் டையை (பிளாஸ்டிக் கட்டுப்பட்டை) நழுவும் அளவுக்குக் கட்டி, உருளையை ஒட்டித் தள்ளிவிட்டு ஒரு சுற்று ஓட்டுங்கள். அது நகர்ந்து நிற்கும் இடம், சஸ்பென்ஷன் எவ்வளவு அமுங்கியது என்பதைக் காட்டும். தண்டின் கோடிவரை போயிருந்தால் கார் பம்ப் ஸ்டாப்பில் (சஸ்பென்ஷன் அமுங்கும் எல்லையில் உள்ள தடுப்பு) மோதுகிறது. தரை இடைவெளியைச் சில மில்லிமீட்டர் உயர்த்துங்கள். அப்படி மோதாமலேயே துள்ளினால், டேம்பர் வேகமாக அமுங்கும்போது தரும் எதிர்ப்பான அதிவேக அமுக்கத் தணிப்பை, அதன் திருகில் ஒவ்வொரு கிளிக்காகக் குறைத்துப் பாருங்கள் (இங்கே வேகம் என்பது தண்டின் வேகம், காரின் வேகமன்று). ஒரு பக்கச் சக்கரம் மட்டும் மேட்டில் ஏறும்போது கார் தடுமாறினால், இருபக்கச் சக்கரங்களையும் இணைத்துக் கார் சாய்வதைக் குறைக்கும் ஆன்டி-ரோல் பாரை இளக்கமாக அமையுங்கள்.