டீ நேரத்தில் தொழில் பேசும் கூட்டம்: தொடங்குவது எப்படி?

மணலிப் பக்கம் ஒரு தொழிற்சாலையில் பம்ப் பராமரிப்புக் குழுவில் இருக்கிறேன். "தெரிந்ததை எல்லாரும் சொல்லுங்க" என்று நான் முதலில் கூட்டிய கூட்டம் படுதோல்வி. ஏசி அறை, புரொஜெக்டர், சமோசா எல்லாம் இருந்தும் ஒருவரும் வாய் திறக்கவில்லை. வெளியே டீக்கடைக்கு வந்ததும் அதே ஆட்கள் ஒரு சீல் லீக்கைப் பற்றி அரை மணி நேரம் பேசினார்கள்!

படி 1: கூட்டத்தை டீ நேரத்துக்கு மாற்றுங்கள். வாரம் ஒரு நாள், 15 நிமிடம் போதும். டீக்காசு மட்டும் உங்களுடையது.

படி 2: பெயர் சொல்லி, ஒரே ஒரு கோளாறைக் கேளுங்கள். "யாராவது ஏதாவது சொல்லுங்க" என்றால் எல்லாரும் செருப்பைத்தான் பார்ப்பார்கள். "அண்ணே, அந்தப் பம்புக்குள்ள ஜல்லி உருளுற மாதிரி சத்தம் வந்துச்சே, என்ன பண்ணீங்க?" என்று கேட்டுப் பாருங்கள். எங்கள் மூத்த ஃபிட்டர் ஒருவர் அப்படித்தான் பேச ஆரம்பித்தார். "பேரிங்னு நெனச்சுக் கழட்டாத தம்பி, மொதல்ல சக்‌ஷன் ஸ்ட்ரெய்னர பாரு." ஸ்ட்ரெய்னர் என்பது பம்புக்குத் தண்ணீர் வரும் குழாயில் இருக்கும் வடிகட்டி. அதில் அடைப்பு விழுந்து தண்ணீர் வரத்து குறைந்தால் பம்புக்குள் நீராவிக் குமிழ்கள் உண்டாகி உடையும், அந்தச் சத்தம்தான் அது. புதிதாக வந்த ஹெல்பருக்கு இது ஒரு வாரப் பயிற்சிக்குச் சமம்.

படி 3: உங்கள் தவறை முதலில் சொல்லுங்கள். மோட்டாரும் பம்பும் ஒரே நேர்கோட்டில் இருக்கிறதா என்று (அலைன்மென்ட்) சரிபார்க்காமல், இரண்டையும் இணைக்கும் கப்ளிங் ரப்பரை நான் நாசமாக்கிய கதையைச் சொன்ன பிறகுதான் மற்றவர்களுக்கு வாய் வந்தது. இங்கே சொன்ன தவறை வைத்து யாருக்காவது மெமோ போனால், கூட்டம் அன்றோடு சரி.

படி 4: சொன்னவர் பெயரோடு எழுதி வையுங்கள். இதுதான் முக்கியம். ஒப்பந்தத் தொழிலாளிக்கு ஒரு நியாயமான பயம் உண்டு: கைப்பக்குவத்தைச் சொல்லிக் கொடுத்துவிட்டால் நாளைக்கு நம்மை எதற்கு வைத்திருப்பார்கள்? பெயர் இருந்தால் அந்தப் பயம் கொஞ்சம் குறைகிறது. முழுக்கப் போகும் என்று சொல்லமாட்டேன். ஜெராக்ஸ் நிறுவனத்தின் மெக்கானிக்குகளோடு கூடவே சுற்றிய ஜூலியன் ஓர் (Julian Orr) என்ற மானுடவியலாளர், கையேட்டில் இல்லாத கோளாறுகளை அவர்கள் ஒருவருக்கொருவர் கதையாகச் சொல்லித் தீர்த்துக்கொள்வதைக் கவனித்தார். பின்னால் அந்த நிறுவனம் யுரேகா என்ற குறிப்புத் தொகுப்பைக் கொண்டுவந்தபோது, குறிப்பைக் கொடுத்தவர் பெயரும் அதிலேயே இருந்தது. நாங்கள் டூல் ரூம் சுவரில் ஒரு சார்ட் ஒட்டியிருக்கிறோம். எழுதக் கூச்சப்படுகிறவர்கள் வாட்ஸ்அப்பில் வாய்ஸ் அனுப்புவார்கள், நான் எழுதிவிடுவேன்.

படி 5: ஷிஃப்ட்டை மறக்காதீர்கள். நைட் ஷிஃப்ட் ஆட்களுக்குத் தனியாக ஒரு டீ.

சில வாரம் பேச ஒன்றுமே இருக்காது. டீயைக் குடித்துவிட்டுக் கலைந்துவிடுங்கள். வலிந்து தலைப்பு தேடிப் பிடித்தால், அடுத்த வாரம் ஆள் வராது.