ஒரே செய்தியை நான்கு ஊடகங்களில் எடைபோடுவது எப்படி?

மக்களுக்கு அதிகம் தெரிவிப்பது எந்த ஊடகம் என்ற வாக்குவாதத்தில் ஒருமுறை மூக்குடைபட்ட பிறகு, நாளிதழ், வானொலி, தொலைக்காட்சி, இணையம் ஆகிய நான்கையும் நானே ஒப்பிட்டுப் பார்த்தேன். அந்த முறை இதுதான்.

படி 1: மத்திய வங்கி வட்டி விகிதத்தை மாற்றுவது போன்ற, காரணமும் விளைவும் உள்ள ஒரு செய்தியைத் தேர்ந்தெடுங்கள். விளையாட்டுச் செய்தி வேண்டாம்.

படி 2: செய்தியைப் பார்க்கும் முன்பே கேள்விகளை எழுதிவிடுங்கள்: எவ்வளவு மாற்றம், எந்தத் தேதியிலிருந்து, ஏன், யாருக்குப் பாதிப்பு, மறுப்பவர் யார்? எக்செல்லைவிடக் கோடு போட்ட நோட்டே இதற்கு வசதி என்பது என் கருத்து.

படி 3: விடை கிடைத்த கேள்விகளை மட்டும் எண்ணுங்கள். நான் சறுக்கியது இங்கேதான். முதலில் நிமிடங்களையும் பத்திகளையும் எண்ணியதால், ஒரு மணி நேரத் தொலைக்காட்சி விவாதமே வென்றதாகத் தோன்றியது. கேள்விப் பட்டியலோடு மீண்டும் பார்த்தபோது, நான்கு பேர் மாறிமாறிப் பேசியும் மாற்றம் என்று நடைமுறைக்கு வருகிறது என்பதை ஒருவரும் சொல்லவில்லை என்பதும், வானொலியின் ஐந்து நிமிடச் செய்தியறிக்கை அதை ஒரே வாக்கியத்தில் சொல்லிவிட்டது என்பதும் தெரிந்தன. 'ஏன்' என்பதற்கு நாளிதழில் மட்டுமே முழு விடை இருந்தது. இணையத்தில் ஏழு தளங்களைத் திறந்தேன். ஐந்தில் முதல் பத்தி எழுத்துப் பிசகாமல் ஒன்றாக இருந்தது. ராய்ட்டர்ஸ், பிடிஐ போன்ற செய்தி முகமைகள் அனுப்புவதைப் பல தளங்கள் அப்படியே வெளியிடுவதுண்டு. எனவே முகமையின் பெயரைத் தேடிப் பார்த்து, அத்தகைய தளங்கள் அனைத்தையும் ஒன்றாகவே கணக்கிடுங்கள்.

படி 4: மறுநாள், எதையும் புரட்டாமல், நினைவிலிருந்து விடைகளை எழுதுங்கள்.

பிற்சேர்க்கை: நான்கையும் ஒருவரே பார்த்தால், முதலில் பார்த்ததிலேயே விடை தெரிந்துவிடுமே என்று வாசகர் ஒருவர் கேட்டார். நியாயமான கேள்வி. ஆளுக்கு ஓர் ஊடகமாக நான்கு நண்பர்களிடம் கொடுங்கள். கல்வியில் ஏறக்குறைய ஒத்தவர்களாகப் பாருங்கள். ஊடகச் செய்திகள் பெருகும்போது கல்வியும் வசதியும் உள்ளவர்கள் அவற்றை விரைவாக உள்வாங்குவதால் அவர்களுக்கும் மற்றவர்களுக்கும் இடையிலான அறிவு இடைவெளி கூடும் என்று ஆய்வாளர்களான டிச்சனோர், டொனஹியூ, ஓலியன் ஆகிய மூவரும் 1970-லேயே முன்வைத்திருக்கிறார்கள். அடுத்த செய்திக்கு ஊடகங்களை நண்பர்களுக்குள் மாற்றிக் கொடுங்கள். நான்கு செய்திகள் முடிவதற்குள் ஒவ்வொருவரும் நான்கு ஊடகங்களையும் ஒருமுறை பார்த்திருப்பார்கள்.