விபிஎன் வாங்கும் முன் ஒரு தேடல்

நம் இணையப் போக்குவரத்தைத் தன் சர்வர் வழியாக மறைத்து அனுப்பும் சேவையான விபிஎன்னுக்குப் பணம் கட்டும் முன், அந்த நிறுவனத்தின் பெயரோடு 'கோர்ட்', 'போலீஸ்' என்ற சொற்களை ஆங்கிலத்தில் சேர்த்துத் தேடிப் பாருங்கள். ஐந்து நிமிட வேலைதான். ஒரு வருடச் சந்தா மிச்சமாகலாம்.

விபிஎன் போட்டால் நாம் எந்தத் தளத்துக்குப் போகிறோம் என்பது இன்டர்நெட் கம்பெனிக்குத் தெரியாது, சரி. ஆனால் விபிஎன் கம்பெனிக்குத் தெரியுமே! 'லாக் (நாம் போகும் தளங்களின் பதிவு) வைப்பதில்லை' என்று எல்லோரும்தான் விளம்பரம் செய்கிறார்கள்; போலீஸ் வந்து கேட்கும்போதுதான் குட்டு வெளிப்படும். அப்படிச் சொல்லிக்கொண்டிருந்த பியூர்விபிஎன் கம்பெனியின் பதிவுகள், 2017-ல் ஒருவரைப் பிடிக்க அமெரிக்காவின் எஃப்பிஐக்கு உதவின. 2023 ஏப்ரலில் ஸ்வீடன் போலீஸ் வாரண்டோடு முல்வாட் என்ற விபிஎன் கம்பெனியின் அலுவலகத்துக்குப் போய் வெறுங்கையோடு திரும்பியது. இந்திய சர்வர் என்றால் இன்னும் கவனம்: 2022-ல் மத்திய அரசின் இணையப் பாதுகாப்பு அமைப்பான செர்ட்-இன் போட்ட உத்தரவு, விபிஎன் கம்பெனிகளை வாடிக்கையாளர் விவரங்களை 5 ஆண்டு வைத்திருக்கச் சொல்கிறது.

கூகுளிலும் ஃபேஸ்புக்கிலும் லாகின் செய்தபடியே உலாவுகிறவருக்கு இந்தத் தேடலால் பயனில்லை. அவரை எந்த விபிஎன்னும் அந்தக் கம்பெனிகளிடமிருந்து மறைக்காது. ரயில்வே ஸ்டேஷன் வைஃபையில் பேங்க் ஆப் திறக்க மட்டும்தான் என்றால், பெரும்பாலும் விபிஎன்னே வேண்டாம். ஆப் ஏற்கெனவே தகவலைப் பூட்டித்தான் அனுப்புகிறது.