மசில் காரின் மறுவடிவமைப்புக்கு எழும் எதிர்வினையை எடைபோடுவது எப்படி

ஃபோர்டு மஸ்டாங், செவ்ரோலே கமாரோ, டாட்ஜ் சார்ஜர் போன்ற, மசில் கார் எனப்படும் சக்திவாய்ந்த பழம்பெரும் அமெரிக்கக் கார் ஒன்றின் புதிய வடிவம் வெளியாகும் நாளில், அதை ஓட்டிப் பார்த்தவர்கள் அநேகமாக ஒருவரும் இருக்க மாட்டார்கள். ஆனால் கார் நாசமாகிவிட்டது என்று உறுதியாகச் சொல்பவர்கள் ஏராளமாக இருப்பார்கள். இந்தக் கூச்சலை அப்படியே நம்பிவிடவும் முடியாது, காதில் வாங்காமல் போய்விடவும் முடியாது. ரசிகர்களின் கோபம் ஒரு நிறுவனத்தின் பல ஆண்டுத் திட்டத்தையே திசைதிருப்பியதும் உண்டு. அதே கோபத்தை வாங்குவோர் பொருட்படுத்தாமல் கடந்துபோனதும் உண்டு. எது எந்த வகை என்று பிரித்தறிய நான் பின்பற்றும் முறையைக் கீழே எழுதுகிறேன். ஒவ்வொரு குறையையும் கேட்கும்போது, அது காரின் எந்த ஆழத்தைத் தொடுகிறது என்று பார்க்க வேண்டும்: வெளித்தகட்டையா, தகட்டுக்கு அடியிலுள்ள கட்டமைப்பையா, அல்லது பெயரையா என்பதே கேள்வி.

(மஸ்டாங்கை மசில் கார் என்று எழுதினாலே சண்டைக்கு வருபவர்கள் இருக்கிறார்கள். நடுத்தர அளவுக் காருக்குள், வி வடிவில் எட்டு சிலிண்டர்கள் அமைந்த பெரிய வி8 எஞ்சினைப் பொருத்திய 1964 போன்டியாக் ஜிடிஓ போன்றவையே மசில் கார்கள் என்பதும், மஸ்டாங்கும் கமாரோவும் அவற்றைவிடச் சிறிய, நீண்ட பானெட் கொண்ட போனி கார்கள் என்பதும் அவர்கள் வாதம். வாதம் சரிதான், வசதிக்காக இங்கே பரந்த பொருளிலேயே அந்தச் சொல்லைக் கையாள்கிறேன்.)

பக்கவாட்டுப் படத்திலிருந்து தொடங்குங்கள்

பிறர் கருத்தைப் படிப்பதற்கு முன்பு காரை நீங்களே பார்த்துவிடுவது நல்லது. நிறுவனங்கள் முதலில் வெளியிடும் படங்கள் பெரும்பாலும் காரின் முன்முகத்தைச் சாய்கோணத்தில், தரையை ஒட்டிய உயரத்திலிருந்து எடுத்தவையாக இருக்கும். அந்தக் கோணத்தில் எந்தக் காரும் சற்று மூர்க்கமாகத்தான் தெரியும். ஆகவே நேர்ப் பக்கவாட்டுப் படம் ஒன்றைத் தேடி எடுத்து, முன்சக்கரத்தின் பின்விளிம்புக்கும் கதவின் முன்விளிம்புக்கும் இடையே எவ்வளவு இடம் இருக்கிறது என்று, சக்கரத்தின் விட்டத்தையே அளவுகோலாக வைத்துப் பாருங்கள். எஞ்சின் நீளவாக்கில் அமர்ந்து பின்சக்கரங்களை இயக்கும் காரில் இந்த இடைவெளி தாராளமாக இருக்கும். எஞ்சின் குறுக்காக அமர்ந்து முன்சக்கரங்களை இயக்கும் காரில் கதவு ஏறக்குறையச் சக்கர வளைவையே தொட்டுக்கொண்டிருக்கும்.

1964 ஏப்ரலில் வெளிவந்த முதல் மஸ்டாங், ஃபால்கன் என்ற சாதாரணக் குடும்பக் காரின் உள்ளுறுப்புகளைக் கொண்டே கட்டப்பட்டது. மக்களை மயக்கியது நீண்ட பானெட்டும் குட்டையான டிக்கியும் சேர்ந்த அதன் உருவ அளவுதான். அந்த அளவு சரியாக இருக்கிற புதிய காரைப் பற்றி எவ்வளவு பெரிய கண்டனம் எழுந்தாலும், அதைச் சரிசெய்வதற்கு இடம் இருக்கிறது என்று நீங்கள் கருதலாம். கண்காட்சிக்கென்று செய்யப்படும் மாதிரிக் காரை மட்டும் இப்படி அளக்காதீர்கள். விற்பனைக்கு வரும்போது அதன் சக்கரங்கள் சிறுத்துவிடும், பக்கக் கண்ணாடிகள் பெருத்துவிடும்.

தகட்டைப் பற்றிய குறை

கிரில், விளக்குகள், பம்பர், பானெட்டின் மடிப்புகள் ஆகியவற்றைப் பற்றிய குறைகளே எண்ணிக்கையில் அதிகம். ஓசையும் இவற்றுக்கே அதிகம். ஆனால் ஓரிரு ஆண்டுகளில் மாற்றிவிடக்கூடியவை என்பதால், ஒரு காரின் தலையெழுத்தை இவை தீர்மானிப்பதில்லை. 2019 கமாரோ எஸ்எஸ் இதற்கு நல்ல எடுத்துக்காட்டு. முன்முகத்தில் மேல், கீழ் கிரில்களுக்கு நடுவே ஓடிய பட்டையைக் கறுப்பாக்கி, செவ்ரோலேவின் சின்னத்தையும் அந்தப் பட்டையிலேயே பதித்ததால், முகமே ஒரு பெரிய பள்ளமாகத் தெரிந்தது. வெறுப்பு உடனே எழுந்தது. 2018 இறுதியில் லாஸ் வேகாஸில் நடந்த சீமா என்ற கார் உதிரிபாகக் கண்காட்சிக்கு நிறுவனம் கொண்டுவந்த மாதிரியில், பட்டை காரின் நிறத்துக்கும் சின்னம் மேல் கிரில்லுக்கும் மாறியிருந்தன. 2020 மாடல் அந்த முகத்தோடுதான் வந்தது.

1994 மஸ்டாங்கின் பின்விளக்குகளும் அப்படித்தான். 1964 முதல் செங்குத்தாக நின்ற மூன்று பட்டைகளே அந்தக் காரின் அடையாளம் என்று பழகியிருந்தவர்களுக்கு, அவற்றைக் கிடைமட்டமாகப் படுக்கவைத்தது பொறுக்கவில்லை. 1996இல் விளக்குகள் மீண்டும் நிமிர்ந்தன. எனவே தகட்டைப் பற்றிய குறை என்று தெரிந்ததும், அடுத்த மாடல் ஆண்டு என்ற குறிப்போடு அதை ஒதுக்கிவைத்துவிட்டு மேலே செல்லுங்கள்.

கட்டமைப்பைப் பற்றிய குறை

இங்குதான் நேரம் செலவிட வேண்டும். 1980களில் ஃபோர்டு நிறுவனம் அடுத்த தலைமுறை மஸ்டாங்கை, மஸ்தாவோடு சேர்ந்து, முன்சக்கரங்களை இயக்கும் கட்டமைப்பின் மேல் உருவாக்கத் திட்டமிட்டிருந்தது. எரிபொருள் சிக்கனமும் ஜப்பானியக் கார்களின் போட்டியும் அப்போது அத்திட்டத்துக்கு நியாயம் கற்பித்தன. 1987இல் செய்தி வெளியே வந்ததும் டியர்போர்னிலுள்ள ஃபோர்டு தலைமையகத்துக்குக் கண்டனக் கடிதங்கள் குவிந்தன. அவற்றின் உள்ளடக்கத்தைத்தான் நாம் கவனிக்க வேண்டும். வி8 எஞ்சின் இருக்காது, பின்சக்கரங்களில் சக்தி இறங்காது என்ற இரண்டும் எந்த இடைக்கால மெருகேற்றலாலும் திருத்த முடியாத குறைகள். கடிதம் எழுதியவர்கள் வெறும் பார்வையாளர்களாகவும் இல்லை. 1979 முதல் அதிகம் மாறாமல் விற்றுக்கொண்டிருந்த பழைய மஸ்டாங்கை அவர்களும் அவர்களைப் போன்றவர்களும் வாங்கிக்கொண்டே இருந்தார்கள். முடிவில் புதிய கார் 1989 மாடலாக ஃபோர்டு புரோப் என்ற பெயரில் வெளிவந்தது, பழைய மஸ்டாங் 1993 வரை நீடித்தது. புரோப் தயாரான மிச்சிகனின் ஃபிளாட் ராக் ஆலையில்தான் 2004ஆம் ஆண்டிலிருந்து மஸ்டாங் தயாராகிறது என்பது, அந்தக் கடிதங்களை எழுதியவர்களுக்குக் கிடைத்த கூடுதல் வட்டி.

ஆயினும் கட்டமைப்பைப் பற்றிய குறை எப்போதும் வெல்லும் என்று கணக்குப் போட்டுவிடக் கூடாது. 1974 மாடலாக வந்த மஸ்டாங் 2, பின்டோ என்ற சிறிய காரின் உறுப்புகளைப் பகிர்ந்துகொண்டது. முதல் ஆண்டில் அதில் வி8 கிடையவே கிடையாது. இன்றுவரை ரசிகர்கள் ஏளனமாகப் பேசும் அந்தக் கார், முதல் ஆண்டிலேயே சுமார் 3,86,000 விற்றது. அதற்கு முந்தைய ஆண்டின் பெரிய மஸ்டாங்கோ 1,35,000ஐ ஒட்டித்தான் விற்றிருந்தது. 1973 செப்டம்பரில் புதிய கார் கடைக்கு வந்தது, அக்டோபரில் அரபு நாடுகளின் எண்ணெய்த் தடை தொடங்கியது. ஆகவே கட்டமைப்பைப் பற்றிய குறையை எடைபோடும்போது, அந்த மாதம் பெட்ரோல் என்ன விலை விற்கிறது என்பதையும் தராசின் மறுதட்டில் வைக்க வேண்டும். 1975இல் வி8 திரும்ப வந்தது என்பதையும் சேர்த்துச் சொல்லிவிட வேண்டும். வாங்கியவர்களிலும் பலர் அதைக் கேட்டுக்கொண்டுதான் இருந்தார்கள்.

பேசுபவர் யார் என்று கேளுங்கள்

ஒரே உறுப்பைப் பற்றி இரு ரசிகர்கள் நேரெதிராகப் பேசுவதும் உண்டு. 2005 மஸ்டாங்கில் பின்சக்கரங்கள் இரண்டையும் ஒரே அச்சு இணைத்தது. வளைவுகள் நிறைந்த சாலையில் ஓட்டுபவர்களுக்கு இது பழங்காலத்துச் சுமை: ஒரு சக்கரம் பள்ளத்தில் இறங்கினால் மறுசக்கரமும் ஆட்டம் காணும். கால் மைல் நேர்க்கோட்டுப் பந்தயம் ஓடுபவர்களுக்கோ அது வரம். நின்ற இடத்திலிருந்து முழு சக்தியோடு பாயும்போது அடி வாங்கத் தாங்கும், செலவும் குறைவு. 2015 மாடலில் ஒவ்வொரு பின்சக்கரமும் தனித்தனியே இயங்கும் சஸ்பென்ஷன் எல்லா மஸ்டாங்குகளுக்கும் வந்தபோது, முதல் சாரார் ஒருவழியாக நிம்மதி அடைந்தார்கள், இரண்டாம் சாரார் முணுமுணுத்தார்கள். இருவரும் உண்மையைத்தான் சொன்னார்கள். எதிர்வினையைப் படிக்கும்போது, பேசுபவர் முந்தைய தலைமுறைக் காரை வைத்திருக்கிறாரா, 1960களின் காரைப் புதுப்பித்து வைத்திருக்கிறாரா, பந்தயத்துக்குப் போகிறவரா, எந்த நிலையிலும் வாங்கப்போகாதவரா என்பது பெரும்பாலும் அவர் சொற்களிலேயே தெரிந்துவிடும். கடைசி வகையினரில் நம்மில் பலரும் அடக்கம். வலப்பக்க ஸ்டியரிங்கோடு ஆலையிலிருந்தே மஸ்டாங் வந்தது அந்த 2015 தலைமுறையில்தான், இந்தியாவில் அது 2016இல் 65 லட்சம் ரூபாய்க்கு அறிமுகமானது.

ஓசையைத் தனியாக எடுத்துக்கொள்ளுங்கள்

ஓசையைப் பற்றிய குறையைச் சிறுபிள்ளைத்தனம் என்று ஒதுக்குபவர்களோடு எனக்கு உடன்பாடில்லை, ஏனென்றால் அது எஞ்சினின் அமைப்பிலிருந்தே பிறக்கிறது. பிஸ்டன்களின் அசைவைச் சுழற்சியாக மாற்றும் தண்டுக்குக் கிராங்க் என்று பெயர். அமெரிக்க வி8இன் கிராங்க் தண்டில், பிஸ்டன் கம்பிகள் பிடித்துக்கொள்ளும் இடங்கள் 90 பாகை இடைவெளியில் திரும்பியிருக்கும். அதனால் இருபுறமும் உள்ள நான்கு நான்கு சிலிண்டர்களும் சீராக மாறி மாறி வெடிப்பதில்லை. ஒரே பக்கத்தில் இரண்டு அடுத்தடுத்து வெடித்துவிட்டு, பின் சற்று இடைவெளி விடும். சைலன்சர் வழியே வரும் அந்தத் தட்டுத்தடுமாறும் உறுமல் இப்படித்தான் உண்டாகிறது. சீராக வெடிக்கும் ஆறு சிலிண்டர் எஞ்சினுக்கு எத்தனை குதிரைத்திறன் கொடுத்தாலும் அது வராது.

2024 மார்ச்சில் டாட்ஜ் புதிய சார்ஜரை வெளியிட்டபோது நடந்ததைப் புரிந்துகொள்ள இது உதவும். டேடோனா என்ற மின்சாரச் சார்ஜரின் உயர்ந்த வகைக்கு 670 குதிரைத்திறன். பழைய சார்ஜரின் 6.4 லிட்டர் ஸ்கேட் பேக் வி8க்கு 485 மட்டுமே. ஆனாலும் கண்டனம் ஓயவில்லை. கண்டித்தவர்கள் வேகத்தைக் கேட்கவே இல்லை. ஒலிபெருக்கியின் ஓசையைப் பின்புறத்துக் காற்றறைகள் வழியே செலுத்தி உறுமலை உருவாக்கும் அமைப்பை நிறுவனமே பொருத்தியிருந்தது. அதுவே அவர்களுக்கு எரிச்சலூட்டியது. 2,600 கிலோவைத் தாண்டிய எடை அடுத்த குறை. இரண்டு டர்போ கொண்ட 3 லிட்டர் ஆறு சிலிண்டர் எஞ்சின், 420, 550 குதிரைத்திறன் என இரு வகைகளில் பின்னால் வந்து சேர்ந்தது. வேடிக்கை என்னவென்றால், இவ்வளவு சண்டையிலும் அந்தக் காரின் உருவத்தை, குறிப்பாக 1968 சார்ஜரை நினைவூட்டும் அதன் நீண்ட பக்கவாட்டை, பலர் மனம்திறந்து பாராட்டினார்கள். தகடு வென்றும் கட்டமைப்பில் தோற்ற கார் என்றே அதை என் குறிப்பில் எழுதிவைத்தேன். அதே குழுமத்தின் ராம் பிக்கப்பில் 5.7 லிட்டர் ஹெமி வி8, 2026 மாடலுக்குத் திரும்ப வந்ததையும், அதில் பதித்த சின்னத்துக்கு எதிர்ப்பின் அடையாளம் என்றே பெயர் வைக்கப்பட்டதையும் பார்க்கும்போது, அந்தக் குறிப்பு தவறில்லை என்று படுகிறது.

பெயரைப் பற்றிய குறை

2006 மாடலாகச் சார்ஜர் என்ற பெயர் நான்கு கதவுக் காரில் திரும்பியபோதும், 2019 நவம்பரில் மின்சார எஸ்யூவி ஒன்றுக்கு மஸ்டாங் மாக்-ஈ என்று பெயர் சூட்டியபோதும் எழுந்த கோபம் வேறு வகையானது. ஓட்டிப் பார்த்தாலும் அது தணியாது. கார் நன்றாக இருக்கிறது, பெயர்தான் தவறு என்றே பதில் வரும். இதைக் காலம் மட்டுமே தீர்க்கும், அதுவும் பாதியளவில்தான். நான்கு கதவுச் சார்ஜர் 2023 வரை ஓடி, அமெரிக்கக் காவல்துறையின் வண்டியாகவும் பழகி, அதற்கென்றே ரசிகர்களைச் சம்பாதித்துக்கொண்டது. ஜிடிஓ என்ற பெயரே ஃபெராரியிடமிருந்து போன்டியாக் எடுத்துக்கொண்டதுதான் என்பதையும் நினைவில் வைத்துக்கொண்டால், பெயரின் தூய்மை பற்றிய வாதங்களைச் சற்றுப் புன்னகையோடு படிக்க முடியும்.

ஒரு குறை தகட்டைப் பேசுவதுபோல் தோன்றி, உள்ளே பெயரைப் பேசுவதும் உண்டு. 2004இல் ஆஸ்திரேலியாவின் ஹோல்டன் மொனாரோவை ஜிடிஓ என்று பெயர் மாற்றி விற்றபோது, பார்க்கச் சப்பென்று இருக்கிறது என்றார்கள். மறு ஆண்டே பானெட்டில் காற்றுத் துளைகள் முளைத்தன, எஞ்சினும் 350 குதிரைத்திறனிலிருந்து 400க்கு உயர்ந்தது. ஆயினும் 2006ஓடு கார் நின்றுபோனது.

பாராட்டையும் எடைபோடுங்கள்

2010 கமாரோவைப் படத்தில் கண்டவர்கள் கொண்டாடினார்கள். 2014 வரை அது விற்பனையில் மஸ்டாங்கை முந்தியது. உயர்ந்த கதவும் ஒடுங்கிய கண்ணாடியும் தந்த அழகுக்கு விலை, உள்ளே அமர்ந்தவருக்கு வெளியே சரியாகத் தெரியாததுதான். கார் நிறுத்தும் இடத்தில் பின்னோக்கி எடுக்கும்போது அந்த விலை தினமும் நினைவுக்கு வரும். 2016 தலைமுறையிலும் அது மாறவில்லை, 2023 டிசம்பரில் கமாரோவின் உற்பத்தியே நின்றது. ஆகவே பாராட்டு எழும்போது, அது காருக்கு வெளியே நின்று சொல்லப்பட்டதா, உள்ளே அமர்ந்து சொல்லப்பட்டதா என்று பாருங்கள்.

நீங்களே உங்கள் எதிர்வினையை எழுத விரும்பினால், படம் வெளியான அன்று தேதியிட்டு எழுதுங்கள்; எந்த உறுப்பு, முந்தைய எந்த மாடலோடு ஒப்பிட்டு, எந்த அளவில் மாறியிருக்கிறது என்று குறிப்பிட்டு எழுதுங்கள். ஆன்மா போய்விட்டது என்று எழுதினால் அதை வைத்து ஒரு பொறியாளரால் எதுவும் செய்ய முடியாது. விளக்கைப் படுக்கவைத்துவிட்டீர்கள் என்று எழுதினால் நிமிர்த்தி வைக்கலாம். முதல் ஓட்டச் சோதனைகள் வந்தபின் ஒருமுறையும், இடைக்கால மெருகேற்றலின்போது மறுமுறையும் அந்தக் குறிப்பைத் திறந்து, எந்த வரிகளை அடித்துவிட வேண்டியிருக்கிறது என்று பாருங்கள். என் குறிப்பேட்டில் அடிக்கப்பட்ட வரிகளில் பெரும்பாலானவை கிரில்லைப் பற்றியவை.