வேட்டி, சட்டையில் வெல்க்ரோ தைக்கும்போது செய்யக் கூடாதவை

தைப்பூசம் நெருங்கினால் கோலாலம்பூர் பிரிக்ஃபீல்ட்ஸ் தையற்கடைகளுக்கு மஞ்சள் வேட்டி வரத் தொடங்கும். "அண்ணே, எனக்குக் கட்டத் தெரியாது, வெல்க்ரோ வச்சுக் கொடுங்க" என்று கேட்கும் இளையவர்கள் உண்டு. பத்துமலை முருகன் கோயிலின் 272 படிகளிலும் அந்த வேட்டி இடுப்பில் நிற்குமா என்பது, வெல்க்ரோ என்ற அந்த ஒட்டுப்பட்டியை எந்தப் போக்கில் வைத்துத் தைத்தோம் என்பதிலேயே பெரும்பாலும் முடிவாகிவிடுகிறது.

பட்டியில் இரண்டு பாதி: சொரசொரப்பான முள்பக்கம், மெத்தென்ற பஞ்சுப்பக்கம். நாயுருவிக் காய் வேட்டி ஓரத்தில் ஒட்டிக்கொண்டு வருமே, அதே வித்தைதான். 1941-இல் சுவிட்சர்லாந்துக்காரர் ஜார்ஜ் டி மெஸ்ட்ரல் தம் நாயின் ரோமத்தில் ஒட்டிய முட்காயை நுண்நோக்கியில் பார்த்து, அதன் நுனிக் கொக்கிகளிலிருந்து இந்த யோசனையைப் பிடித்தார். பக்கவாட்டில் இழுத்தால் எல்லா முட்களும் ஒருசேரத் தாங்கும். ஓரத்தைத் தூக்கி உரித்தாலோ அந்த நேரத்தில் ஒரு வரிசை முட்கள்தான் எதிர்த்து நிற்கும். அதனால்தான் சிறு குழந்தைகூடத் திறந்துவிடுகிறது. இதை மனத்தில் வைத்துக்கொண்டால் கீழே வரும் தவறுகளில் பாதியைத் தானாகவே தவிர்த்துவிடலாம்.

முதல் தவறு, போதிய மேற்படிவு (ஒரு பாதி மற்றதன்மேல் படியும் நீளம்) இல்லாமல் தைப்பது. வேட்டியின் இடுப்பில் இழுவை பக்கவாட்டில்தான் வருகிறது. வெல்க்ரோவுக்கு அது சாதகமான இடம். ஆனால் 20 மி.மீ. பட்டியில் ஒரு சிறு துண்டை வெட்டி முனையில் வைத்தால், உட்காரும்போது வயிறு புடைத்து ஓரம் தூக்கும், உரிதல் அங்கே தொடங்கிவிடும். 50 மி.மீ. அகலப் பட்டி எடுங்கள். பஞ்சுப்பக்கம் 20 முதல் 25 செ.மீ. நீளமாகக் கீழ்ச்சுற்றின் வெளிப்புறத்தில், இடுப்பு விளிம்பை ஒட்டிப் படுக்கையாக வரட்டும். முள்பக்கம் 8 செ.மீ., மேல்சுற்றின் உட்புறத்தில். சாப்பாட்டுக்கு முன்னும் பின்னும் தளர்த்தி இறுக்க இந்த நீளம் இடம் கொடுக்கும். வேட்டியின் இடுப்புப் பகுதி ஒற்றைத் துணியாக இருந்தால் உள்ளே 6 செ.மீ. அகலத்தில் கான்வாஸ் வைத்து மடித்துத் தையுங்கள். வெறும் மல் துணியில் தைத்தால், பட்டி விடாது, துணிதான் கிழியும்.

எந்தப் பக்கம் எங்கே என்பதில் அடிக்கடி குழப்பம் வருகிறது. சட்டை, ரவிக்கைக்குப் பொது வழக்கம், மேலே வரும் பட்டையின் உட்புறத்தில் பஞ்சு, கீழே இருக்கும் பட்டையின் வெளிப்புறத்தில் முள். திறந்து கிடக்கும்போதும் தோலில் முள் உரசாது. மேலே சொன்ன வேட்டியில் அது தலைகீழாக இருப்பதற்குக் காரணம், நீளமான துண்டின் ஒரு பகுதி எப்போதும் மூடாமல் வெளியே தெரியும். அது முள்ளாக இருந்தால் சட்டை நுனியையும் தோளில் போடும் துண்டையும் பிய்த்துவிடும். மூடிய பிறகும் எந்தத் துண்டு வெளியே தெரிகிறதோ அது பஞ்சாக இருக்க வேண்டும். நீளம் சமமாக இருக்கிற இடத்திலும் பஞ்சை முள்ளைவிட எல்லாப் பக்கமும் 2 மி.மீ. பெரிதாக வெட்டுங்கள்.

புதுத் துணியை நனைக்காமல் தைப்பது இன்னொரு தவறு. பருத்தி முதல் சலவையில் சுருங்கும், நைலான் பட்டி சுருங்காது. விளைவு, இடுப்பு முழுக்கச் சுருக்கம் விழுந்து பட்டி வளைந்து நிற்கும். அதன் பிறகு பிரித்துத் தைத்தாலும் ஊசித் துளைகள் மறையா.

பின்புறம் பசை தடவிய பட்டியை வாங்கிவிட்டு, "ஒட்டினால் போதும், தைக்க வேண்டாம்" என்று நம்புகிறவர்கள் உண்டு. நம் ஊர் வியர்வைக்கும் சலவைக்கும் அந்தப் பசை நிற்காது. பாதுகாப்புக்கு அதன்மேலேயே தைக்கலாம் என்றால் அது அதைவிட மோசம்: பசை ஊசியில் ஏறி நூல் இழுபடும், தையல் விட்டுவிட்டு விழும், ஊசித் துளையிலேயே நூல் அறும். துணிக்கு வாங்கும்போது தைக்கும் வகை என்று கேட்டு வாங்குங்கள்.

தைக்கும் விதம் இது. பட்டியின் நான்கு மூலையையும் வட்டமாக வெட்டுங்கள். கூர் மூலைதான் முதலில் தூக்கும், தோலையும் கீறும். முள்பக்கத்தில் குண்டூசி வளைந்து நழுவும், எனவே துணிக்கான பசைக் குச்சியால் ஒரு கோடு தடவி இடத்தில் நிறுத்துங்கள். சலவையில் அது போய்விடும். 16 நம்பர் ஊசி, பாலியஸ்டர் நூல், தையல் நீளம் 2.5 முதல் 3 மி.மீ. காசை மிச்சப்படுத்துவதாக நினைத்துப் பருத்தி நூல் போட்டால், ஒவ்வொரு முறை திறக்கும்போதும் அது தேய்ந்து அறும். 2 மி.மீ.க்குக் குறைவாகத் தைத்தால் தாளில் துளையிட்டதுபோல் துணி வரிசையாக வெட்டுப்படும். பட்டியின் இரு நீள விளிம்பிலும் முள் இல்லாத மெல்லிய கரை இருக்கும். தையல் அந்தக் கரைமேல் ஓட வேண்டும். முள்மேல் ஓடினால் மெஷின் கால் தடுக்கும், முட்களும் நசுங்கும். ஜிப் தைக்கும் காலை மாட்டினால் சுலபம். மூலையில் தொடங்காதீர்கள், நீளப் பக்கத்தின் நடுவில் தொடங்கிச் சுற்றிவந்து அதே இடத்தில் நாலு தையல் முன்னும் பின்னும் போட்டு முடியுங்கள். 50 மி.மீ. பட்டிக்கு மட்டும், முள்மேல் ஓடினாலும் பரவாயில்லை, நடுவில் ஒரு நீளக் கோடு கூடுதலாக வேண்டும். சிறு துண்டுகளில் குறுக்கும் நெடுக்குமாகத் தைத்து எக்ஸ் போடுவது பார்க்க உறுதியாகத் தெரியும், ஆனால் அந்த இடத்து முட்கள் அத்தனையும் வீணாகிவிடும்.

மூட்டுவலியாலோ பக்கவாதத்துக்குப் பிறகோ பொத்தான் போட முடியாத தாத்தா பாட்டிகளுக்குச் சட்டையை மாற்றித் தரும்போது, நீளமான ஒரே பட்டியை மேலிருந்து கீழ்வரை தைத்துவிடாதீர்கள். அது பலகைபோல் விறைத்து, உட்காரும்போது நெஞ்சில் மடங்கிப் புடைக்கும். கோணலாக ஒட்டினால் முழுவதையும் உரித்துத்தான் சரிசெய்ய வேண்டும். பழைய பொத்தான் இருந்த ஒவ்வொரு இடத்திலும் 20 மி.மீ. பட்டியில் 2.5 செ.மீ. துண்டு ஒன்று போதும். கழற்றிய பொத்தானை, பழைய பொத்தான் துளைமேல் தைத்து மூடிவிடுங்கள். பார்ப்பவர்களுக்கு வழக்கமான சட்டையாகவே தெரியும். அவர்களின் மரியாதைக்கு அது முக்கியம்.

பட்டு, ஜார்ஜெட், ஜரிகைக்கு வெல்க்ரோ வேண்டவே வேண்டாம். ஒரே ஒரு முள் பட்டாலும் இழை இழுபடும். அங்கே ஊக்கோ பிரஸ் பட்டனோதான் சரி.

நனைந்தால் நைலானின் பிடி குறையும். பத்துமலை அருகே சுங்கை பத்து ஆற்றங்கரையில் நீராடி ஈர வேட்டியோடு நடப்பவர்கள் வெல்க்ரோவை மட்டும் நம்பக் கூடாது. உள்ளே ஒரு நாடா தைத்துக்கொள்ளுங்கள், அல்லது மேலே பெல்ட் போடுங்கள்.

சலவைக்குப் போடும்போது பட்டியை மூடியே போடுங்கள். திறந்திருந்தால் முள் மற்றத் துணிகளைப் பிறாண்டும், அவற்றின் நூலும் முடியும் முள்ளில் சேர்ந்து பிடிப்பும் போய்விடும். ஏற்கெனவே அடைத்திருந்தால் பழைய பல்துலக்கியால் ஒரே திசையில் தேய்த்து, மிச்சத்தைக் குண்டூசியால் கிளறி எடுங்கள். பருத்தி வேட்டியைத் தேய்க்கும்போது இஸ்திரிப் பெட்டி 3 புள்ளி சூட்டில், சுமார் 200 டிகிரியில், இருக்கும். பட்டியின் மேல் அதை வைக்காதீர்கள். முட்கள் சாய்ந்தால் மறுபடி நிமிராது. பட்டியை விட்டு ஒரு விரல் அகலம் தள்ளியே தேய்த்து, சுருக்கம் தெரிந்தால் 1 புள்ளிச் சூட்டில், மேலே ஒரு துணி விரித்து லேசாக அழுத்துங்கள்.